வேலைநிறுத்தத்தைப் பற்றி ஒரே ஒரு பழைய தொடர் பார்ப்பதென்றால்: ஸ்ட்ரம்பெட் சிட்டி (1980)

பழந்திரை:

‘தொழிலாளர் போராட்டத்தை வைத்து வந்த பழைய டிவி தொடர்களில் பார்க்கத் தகுந்தது எது’ என்று இங்கே அடிக்கடி கேட்கிறார்கள். ஒவ்வொரு முறையும் ரெண்டு வரியில் பதில் சொல்லிவிட்டுப் போகிறேன். இந்தத் தடவை விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

அயர்லாந்தின் அரசுத் தொலைக்காட்சியான ஆர்டிஇ 1980-ல் ஒளிபரப்பிய ‘ஸ்ட்ரம்பெட் சிட்டி’. மொத்தம் ஏழே பகுதிகள். ஜேம்ஸ் பிளங்கெட் 1969-ல் எழுதிய நாவலுக்கு ஹியூ லெனார்ட் திரைக்கதை எழுத, டோனி பாரி இயக்கினார். 1913-ல் டப்ளின் நகரத்தில் நடந்த மாபெரும் கதவடைப்புதான் (முதலாளிகளே தொழிலாளிகளை வேலைக்கு விடாமல் வெளியே நிறுத்துவது) விஷயம். ஆனால் கதை 1907-ல், பிரிட்டிஷ் அரசர் ஏழாம் எட்வர்ட் டப்ளினுக்கு வருகிற நாளில் தொடங்கி 1914 வரை போகிறது.

நான் இதைச் சிபாரிசு செய்யக் காரணம் என்னவென்றால், இதில் போராட்டம் தாமதமாகத்தான் வருகிறது. வேறொரு தொடராக இருந்தால் முதல் காட்சியிலேயே கொடி, கோஷம், மேடைப் பேச்சு எல்லாம் வந்திருக்கும். இதில் முதல் பகுதியில் நமக்கு அறிமுகமாகிற ஆள் ராஷர்ஸ் டியர்னி. தொழிலாளிகூடக் கிடையாது. தகர ஊதுகுழல் வாசித்துப் பிச்சை எடுப்பான், குப்பைத் தொட்டி கிளறுவான். இடிந்து விழக் காத்திருக்கிற ஒரு வீட்டின் நிலவறையில் ரஸ்டி என்ற நாயோடு வாழ்கிறான். அரசர் வருகிறார், ஊரே கொண்டாடும், நாமும் நிற நாடாவில் சின்னம் செய்து விற்று நாலு காசு பார்க்கலாம் என்று கணக்குப் போடுகிறான். அந்தக் கணக்கு எப்படிப் போகிறது என்பதிலேயே அந்த ஊரின் மொத்த நிலவரமும் தெரிந்துவிடும்.

அவனுக்கு மேலே அதே கட்டிடத்தில் ஃபிட்ஸ்-மேரி தம்பதி, வண்டிக்காரர் மல்ஹால் குடும்பம், வேலை எங்கே கிடைத்தாலும் ஓடுகிற ஹென்னசி. கொஞ்சம் தள்ளி, கடலோர கிங்ஸ்டவுனில் பிராட்ஷா என்கிற பணக்காரத் தம்பதி. இரண்டு உலகத்துக்கும் நடுவில் இரண்டு பாதிரியார்கள். இத்தனை பேரையும் நன்றாகப் பழக்கிவிட்டு, அப்புறம்தான் அடுப்பை அணைக்கிறார்கள். அதனால் ஒவ்வொரு வீட்டிலும் பட்டினி எந்தப் பக்கமாக நுழைகிறது என்று நமக்கே தெரிகிறது.

ராஷர்ஸாக டேவிட் கெல்லி. ‘சார்லி அண்ட் த சாக்லேட் ஃபேக்டரி’ 2005 படத்தில் தாத்தாவாக வருவாரே, அவரேதான். அந்தச் சிரித்த முகத் தாத்தாவை மட்டும் தெரிந்தவர்கள் இதைப் பார்த்தால் மிரண்டு போவார்கள்.

மேகலை_கோவை:

நன்றி அண்ணா. ரெண்டு சந்தேகம். போஸ்டரில் பீட்டர் ஓ'டூல் படம்தான் பெரிதாக இருக்கிறது, அவர்தான் ஹீரோவா? அப்புறம், அயர்லாந்து வரலாறு ஒன்றுமே தெரியாமல் பார்த்தால் புரியுமா?

பழந்திரை:

ஓ'டூல் ஜிம் லார்கினாக வருகிறார். போராட்டத்தை நடத்திய தொழிற்சங்கத் தலைவர் வேடம்தான், ஆனால் வருகிற நேரம் குறைவு. அவரை நம்பி உட்கார்ந்தால் ஏமாற்றமாக இருக்கும். அரசராக வரும் பீட்டர் உஸ்டினோவுக்கும் இதே கதைதான். பெரிய பெயர்களை வாசலில் தொங்கவிட்டுவிட்டு, உள்ளே அயர்லாந்து நாடக நடிகர்களை வைத்துத் தொடரை எடுத்திருக்கிறார்கள்.

ஓ'டூல் பேசும் கூட்டங்களில் ஒன்றைக் கவனியுங்கள். கேமரா அவர் முகத்திலேயே நிற்காமல் கேட்பவர்கள் பக்கம் போய்விடும். மல்ஹாலாக வரும் டொனல் மக்கேன் முகத்தைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பேச்சு அந்த ஆளுக்குள் போய் உட்காருவது கண்ணுக்குத் தெரியும்.

வரலாறு தெரியாவிட்டாலும் புரியும். ஆனால் கொஞ்சம் தெரிந்தால் நன்றாக இருக்கும். அதற்கு நம்ம தறியண்ணன் வரவேண்டும்.

தறிக்காரன்:

கூப்பிட்டீர்கள், வந்துவிட்டேன். சங்க வேலையில் முடி நரைத்தவன், அதனால் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

லார்கின் லிவர்பூலில் பிறந்தவர், துறைமுகத் தொழிலாளி. அயர்லாந்தில் பொதுத் தொழிலாளர்களுக்காக ஒரு சங்கத்தைக் கட்டினார். போக்குவரத்து மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1909 தொடக்கத்திலிருந்து இயங்கியது. துறைமுகக் கூலி, வண்டிக்காரர், மூட்டை தூக்குபவர் என்று மற்றச் சங்கங்கள் சீண்டாத ஆட்களைச் சேர்த்ததுதான் அதன் பலம். அனுதாப வேலைநிறுத்தம் அதன் ஆயுதம். ஒரு கம்பெனியில் தகராறு என்றால் அந்தக் கம்பெனிச் சரக்கை வேறு எந்தக் கம்பெனி ஆளும் தொடமாட்டான். முதலாளிகளுக்கு எரிச்சல் வந்தது இதனால்தான். கூலி உயர்வு கேட்டதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பார்கள்.

எதிர்ப்பக்கம் வில்லியம் மார்ட்டின் மர்பி. டப்ளின் டிராம் கம்பெனியின் தலைவர். ‘ஐரிஷ் இண்டிபெண்டண்ட்’ பத்திரிகை அவருடையது. இம்பீரியல் ஹோட்டல் அவருடையது. 1913 ஆகஸ்டில், லார்கினின் சங்கத்தில் இருப்பதாகச் சந்தேகப்பட்ட ஆட்களைப் பத்திரிகையிலிருந்தும் டிராம் கம்பெனியின் பார்சல் பிரிவிலிருந்தும் நீக்கினார். ஆகஸ்ட் 26 காலை, ஊரில் குதிரைக் கண்காட்சி வாரம், வெளியூர்க் கூட்டம் வேறு. டிரைவர்களும் கண்டக்டர்களும் சட்டையில் சங்கத்தின் சிவப்புக் கை சின்னத்தைக் குத்திக்கொண்டு டிராம்களை நின்ற இடத்திலேயே விட்டுவிட்டு இறங்கிப் போனார்கள்.

இதில் சினிமாத்தனமான வெற்றி கிடையாது. மர்பி முன்கூட்டியே ஆள் தயார் செய்து வைத்திருந்ததால், கொஞ்ச நேரத்திலேயே டிராம்கள் மறுபடி ஓடத் தொடங்கிவிட்டன. அடி அங்கே முடியவில்லை. அடுத்த சில நாட்களில் அவர் மற்ற முதலாளிகளைத் திரட்டினார். சுமார் 400 பேர். எல்லோரும் தங்கள் ஆட்களிடம் ஒரு உறுதிமொழிப் படிவத்தை நீட்டினார்கள்: லார்கினின் சங்கத்தில் இல்லை, இருந்தால் விலகிவிடுகிறேன், இனி எந்த வகையிலும் உதவமாட்டேன். கையெழுத்துப் போடாதவன் வெளியே. அந்தச் சங்கத்தில் இல்லாதவர்கள்கூட, ‘இதில் நான் ஏன் கையெழுத்துப் போட வேண்டும்’ என்று மறுத்து வெளியே வந்தார்கள். ஏறக்குறைய 20,000 தொழிலாளிகள் தெருவுக்கு வந்தார்கள். குடும்பத்தோடு கணக்குப் பார்த்தால் 80,000-க்கும் மேல். டப்ளின் மாதிரி ஊரில் அது எவ்வளவு பெரிய எண்ணிக்கை!

நான் பார்த்த தகராறுகளில் எல்லாம் அந்தக் காகிதம் ஏதாவது ஒரு வடிவத்தில் வந்திருக்கிறது. ‘நன்னடத்தைப் பத்திரம்’ என்பார்கள். அதனால் தொடரில் அந்தப் படிவம் மேஜைக்கு வருகிற இடத்தில் என்னால் சும்மா உட்கார முடியவில்லை.

நேர்கோடு:

எல்லோரும் ஒரே பக்கமாகப் பேசுகிறீர்கள். நானும் தொடரைப் பார்த்தேன். நடிப்பு நல்ல நடிப்பு, மறுக்கவில்லை. ஆனால் லார்கின் வரும்போதெல்லாம் கோயிலில் தீபாராதனை காட்டுகிற மாதிரிதான் எடுத்திருக்கிறார்கள். நிஜ லார்கின் லேசான ஆள் இல்லை. கூட இருந்தவர்களோடேயே ஒத்துப்போகாதவர், யாரைக் கேட்காமலும் முடிவெடுப்பவர், பிரிட்டிஷ் சங்கத் தலைவர்களை மேடையில் வைத்தே திட்டித் தீர்த்தவர். உதவி செய்ய வந்தவர்களைப் பகைத்துக்கொண்டதில் அவருக்கும் பங்கு உண்டு.

மர்பியும் வெறும் வில்லன் இல்லை. அயர்லாந்து தேசியவாதி, முன்னாள் எம்.பி. இந்தத் தொடர் அரசர் வருகையோடு தொடங்குகிறதே, அதே 1907 வருகையின்போது அரசர் கொடுக்க வந்த சர் பட்டத்தை வேண்டாம் என்று சொன்னவர். அந்தக் காட்சியை வைத்திருந்தால் கதை எவ்வளவு சிக்கலாக, சுவாரசியமாக ஆகியிருக்கும்?

தறிக்காரன்:

சர் பட்டம் சேதி உண்மைதான், நல்ல இடத்தில் எடுத்துப் போட்டீர்கள். ஆனால் தம்பி, அதனால் படிவத்தில் ஒரு வரியாவது குறைந்ததா? வெள்ளைக்கார அரசரிடம் தலைகுனியாத மனிதர், தன் டிராமில் வேலை செய்கிறவன் தன்னிடம் தலைகுனிந்தே ஆகவேண்டும் என்றார். தேசியவாதியாகவும் இருந்துகொண்டு இதையும் செய்ய முடியும் என்பதுதான் அந்த ஆளின் கதை.

பழந்திரை:

நேர்கோடு சொல்வதில் பாதி எனக்கும் சம்மதம். லார்கினைத் தொடர் விமர்சிப்பதில்லை. பிளங்கெட்டுக்கு அது கஷ்டமாகவும் இருந்திருக்கும். அவர் கேஸ் கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்தவர், அப்புறம் லார்கின் பின்னாளில் நடத்திய வேறொரு சங்கத்தில் முழுநேர ஊழியரானார். 1947 ஜனவரியில் லார்கின் இறப்பதற்கு முன் அந்தக் கடைசிக் காலத்தில் அவரை நேரில் பார்த்துப் பழகியவர். இதே விஷயத்தை முதலில் வானொலி நாடகமாக எழுதினார், பிறகு அபே அரங்கில் மேடை நாடகம், அதற்கும் பிறகுதான் நாவல். வானொலி நாடகத்துக்குத் தலைப்பே ‘பிக் ஜிம்’. ஒவ்வொரு தடவை திரும்ப எழுதும்போதும் லார்கின் பின்னால் போய் தெருவும் வீடுகளும் முன்னால் வந்திருக்கின்றன. ஆராதனை இருக்கிறது, ஆனால் தூரத்தில் இருக்கிறது. மல்ஹாலுக்கும் ஃபிட்ஸுக்கும் லார்கின் தூரத்துக் குரல்தானே? அவர்கள் பார்க்கிற உயரத்தில்தான் நாமும் பார்க்கிறோம்.

பணக்காரப் பக்கத்தை அவர்கள் மட்டமாகக் காட்டவில்லை என்பதையும் சொல்லுங்கள். இயர்லிங் என்ற கம்பெனி இயக்குநர் வருகிறாரே, தன் வர்க்கமே அலுத்துப்போன மனிதர். நல்லவர், வசதியானவர், அதனால் பெரிதாக எதையும் செய்துவிட முடியாதவர்.

நெய்தல்_ஜோ:

நான் பள்ளி முழுக்கப் பாதிரியார்கள் நடத்திய இடத்தில் படித்தவன். எனக்கு இந்தத் தொடரின் உயிரே அந்த இரண்டு குருக்கள்தான். இழையில் யாரும் பேசவில்லையே என்று பார்த்தேன்.

ஃபாதர் ஓ'கானர் இளைஞர், பக்திமான், சுத்தமான அங்கி. கிங்ஸ்டவுனில் பணக்காரப் பங்கில் சௌகரியமாக இருந்தவர். ஏழைகளுக்குச் சேவை செய்யவேண்டும் என்று தானே கேட்டு வாங்கிக்கொண்டு சேரிப் பங்குக்கு வருகிறார். அங்கே பங்குத்தந்தை ஃபாதர் கிஃப்லி. குடிகாரர், சிடுசிடுப்பானவர், நம்பிக்கை தேய்ந்துபோனவர். முதல் பார்வைக்கு யார் நல்லவர் என்று தோன்றும்? ஏழு பகுதி போவதற்குள் அது தலைகீழாகிவிடும். ஏழைகள் மேல் இரக்கம் இருப்பவர் ஓ'கானர். ஏழைகளைப் பிடித்திருப்பவர் கிஃப்லி.

ஓ'கானர் வயோதிகர்களுக்கு உதவி நிதி தொடங்குகிறார். வேலை பறிபோன குடும்பங்களுக்குக் கிடையாது. கொடுத்தால் போராட்டத்துக்குத் துணை போனதாக ஆகிவிடுமாம். அந்த ஆளுக்கு அதில் துளி குற்ற உணர்வும் இல்லை, அதைத்தான் ஃபிராங்க் கிரைம்ஸ் நடிப்பில் அப்படிக் கொண்டுவந்திருக்கிறார். முகத்தில் வஞ்சகமே தெரியாது. கிஃப்லியாக சிரில் குசாக், குரலை உயர்த்தாமலேயே மற்றவரைச் சுண்டிவிடுகிற ஆள். இருவரும் ஒரே மேஜையில் சாப்பிடுகிற காட்சிகளைப் பாருங்கள். கத்தியும் கரண்டியும் தட்டில் படுகிற சத்தமே சண்டை மாதிரி கேட்கும்.

தொடரில் வரும் குழந்தைகள் விவகாரம் நிஜமாக நடந்ததுதான், கற்பனை என்று நினைத்துவிடாதீர்கள். 1913 அக்டோபரில் டோரா மாண்டிஃபியோர் என்ற ஆங்கிலேயப் பெண்மணி, பட்டினியில் இருக்கும் பிள்ளைகளைப் பிரச்சினை தீரும்வரை இங்கிலாந்தில் தொழிலாளர் குடும்பங்களில் தங்கவைக்க ஏற்பாடு செய்தார். பேராயர் வால்ஷ் கடுமையாக எதிர்த்தார். புராட்டஸ்டண்ட் வீடுகளுக்குப் போனால் பிள்ளைகளின் விசுவாசம் போய்விடும் என்பது பயம். குருக்களும் பக்தர்களும் துறைமுகத்திலும் ரயில் நிலையத்திலும் நின்று பிள்ளைகளை மறித்தார்கள். வால்ஷ் மோசமான மனிதர் இல்லை, தொழிலாளர் கோரிக்கைகளில் நியாயம் பார்த்தவர்தான். ஆனால் சோறா விசுவாசமா என்ற கேள்வி வந்தபோது அவர் எந்தப் பக்கம் நின்றார் என்பது பதிவாகிவிட்டது.

மேகலை_கோவை:

ரெண்டு பகுதி பார்த்துவிட்டேன். மிஸ் கில்கிறிஸ்ட் வரும் இடத்தில் நிறுத்திவிட்டு எழுந்து போய்விட்டேன். எத்தனை வருஷம் அந்த வீட்டில் உழைத்தவள், பக்கவாதம் வந்து விழுந்ததும் அனாதை விடுதிக்கு அனுப்பிவிடுகிறார்கள். பிராட்ஷா அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை, ஆனால் கணவர் சொன்னால் சரி. இதில் வேலைநிறுத்தம் எங்கே வருகிறது என்று முதலில் தோன்றியது. அப்புறம்தான் உறைத்தது, சங்கம் இல்லாத தொழிலாளி என்றால் அவள்தான்.

எனக்கு ஒரு குறை. பெண்கள் எல்லோரும் வேலைக்காரி, மனைவி, இல்லாவிட்டால் லில்லி மாதிரி தெருவில் நிற்பவள். போராடுகிற பெண் ஒருத்தியும் இல்லையா?

டப்ளின்_வாசி:

மேகலை, குறை நியாயமானது. வேலைக்காக இந்த ஊருக்கு வந்தவன் நான், இங்கே இந்தச் சம்பவத்தைப் பற்றிப் பேசினால் பெண்கள் பேச்சு கட்டாயம் வரும். ஜேக்கப்ஸ் பிஸ்கட் தொழிற்சாலைப் பெண்கள் சங்கச் சின்னத்தைக் கழற்ற மறுத்து வெளியேற்றப்பட்டவர்கள். அவர்களில் ரோஸி ஹேக்கெட்டின் பெயரில் லிஃபி ஆற்றின் மேல் 2014-ல் ஒரு பாலம் திறந்தார்கள். பெண் தொழிலாளர் சங்கத்தை நடத்தியவர் லார்கினின் தங்கை டெலியா. சங்கத் தலைமையகமான லிபர்ட்டி ஹாலில் கஞ்சித் தொட்டி மாதிரி ஒன்றை நடத்தி ஆயிரக்கணக்கானவர்களுக்குச் சாப்பாடு போட்டதும் பெண்கள்தான். சூப்புப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் தேசியப் புரட்சிக்காரியான மார்கிவிச் சீமாட்டி நிற்பதை எல்லா வரலாற்றுப் புத்தகங்களிலும் பார்க்கலாம்.

தொடர் பார்த்து முடித்தபின் எனக்குப் பிடித்த இரண்டு இடங்களைச் சொல்கிறேன். ஹென்ரியெட்டா தெரு 14-ம் எண் வீடு இப்போது அருங்காட்சியகம். பிரபுக்கள் வாழக் கட்டிய மாளிகை, அப்புறம் அறை அறையாகப் பிரித்து வாடகைக்கு விட்டார்கள். 1911-ல் அந்த ஒரே வீட்டில் சுமார் 100 பேர் குடியிருந்தார்கள். உள்ளே போனால் உயரமான கூரை, அழகான சுண்ணாம்பு வேலைப்பாடு, அதன் கீழே ஒரு மூலையில் அடுப்பு, மறு மூலையில் பாய். மாடிப்படிச் சுவரில் அடித்திருக்கும் சிவப்பும் நீலமும் அந்தக் காலத்து வாடகை வீட்டு நிறங்கள். தொடரில் ராஷர்ஸும் மற்றவர்களும் குடியிருக்கும் சாண்ட்லர்ஸ் கோர்ட் எப்படி இருந்திருக்கும் என்று அங்கே தெரியும். 1914-ல் வந்த அரசு விசாரணை அறிக்கைப்படி இந்த ஊரில் 20,000-க்கும் மேற்பட்ட குடும்பங்கள் ஒற்றை அறையில் இருந்தன.

1913 செப்டம்பர் 2-ம் தேதி, கதவடைப்பு தொடங்கி ஒரு வாரம்தான் ஆகிறது, சர்ச் தெருவில் இப்படிப்பட்ட வாடகை வீடுகள் சரிந்து 7 பேர் செத்தார்கள். யாரும் வெடி வைக்கவில்லை. தானாக விழுந்தது.

இன்னொரு இடம் ஓ'கானெல் தெரு. கையை விரித்து நிற்கும் லார்கின் சிலைக்கு எதிரிலேயே, மர்பியின் இம்பீரியல் ஹோட்டல் இருந்த இடம். 1913 ஆகஸ்ட் 31 ஞாயிறு, அங்கே கூட்டம் நடத்தக்கூடாது என்று தடை. பிடிவாரண்ட் இருந்ததால் லார்கின் தாடி ஒட்டி, முதியவர் வேடம் போட்டு, மர்பியின் ஹோட்டலுக்குள்ளேயே விருந்தாளியாக நுழைந்தார். மேலே பால்கனிக்கு வந்து சில வார்த்தைகள் பேசியதும் பிடித்துவிட்டார்கள். அடுத்த நிமிடம் கீழே போலீஸ் தடியடி. நூற்றுக்கணக்கானவர்களுக்குக் காயம், தேவாலயத்திலிருந்து திரும்பியவர்கள்கூடத் தப்பவில்லை. அதற்கு முந்தைய இரவுத் தடியடிகளில் அடிபட்ட ஜேம்ஸ் நோலன், ஜான் பைர்ன் இருவரும் இறந்துபோனார்கள்.

சும்மா_ஒரு_கேள்வி:

நம்ம ஊருக்கும் இதற்கும் ஏதாவது தொடர்பு உண்டா? பின்னி மில் 1921 நினைவுக்கு வருகிறது.

தறிக்காரன்:

பின்னிக்குத் தனி இழையே போடலாம், இங்கே இழுத்தால் இந்த இழை தொலைந்துவிடும். நேரடித் தொடர்பு வேண்டுமென்றால் ஒன்று சொல்கிறேன். கதவடைப்பின்போது தடியடியிலிருந்து தொழிலாளர்களைக் காப்பாற்ற 1913 நவம்பரில் ‘ஐரிஷ் குடிமக்கள் படை’ என்று ஒன்று ஏற்படுத்தினார்கள். லார்கின் அமெரிக்கா போனபின் அதைச் சங்கத்தில் அவருடைய சகாவான ஜேம்ஸ் கானலி வழிநடத்தி, பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான 1916 ஈஸ்டர் எழுச்சியில் இறக்கினார். அந்த எழுச்சியைப் பாராட்டி நம்ம சென்னையில், அன்னி பெசன்ட்டின் ‘நியூ இந்தியா’ பத்திரிகையில் ஒருவர் எழுதினார். ஜேம்ஸ் கசின்ஸ், ஐரிஷ் கவிஞர், அடையாறில் வேலைக்கு வந்தவர். அந்தக் கட்டுரையோடு அவருடைய பத்திரிகை வேலை போனது.

கீற்றுக்கொட்டகை:

பழந்திரை அண்ணே, மன்னிக்கவும், எனக்கு முதல் பகுதியிலேயே தூக்கம் வந்துவிட்டது. ஸ்டூடியோவில் எடுத்த காட்சிகளில் வெளிச்சம் தட்டையாக இருக்கிறது, நாடகம் பார்க்கிற மாதிரி. கென் லோச்சின் ‘டேஸ் ஆஃப் ஹோப்’ இதைவிட எவ்வளவோ மேல். பிபிசி 1975, நாலு பகுதி, 1916-லிருந்து 1926 பொது வேலைநிறுத்தம்வரை. அதில் நடிப்பே தெரியாது, நிஜ ஆட்களைக் கேமரா பிடித்த மாதிரி இருக்கும்.

பழந்திரை:

‘டேஸ் ஆஃப் ஹோப்’ நல்ல தொடர், சந்தேகமே இல்லை. அதன் கடைசிப் பகுதியில் சங்கத் தலைவர்கள் உள்அறையில் உட்கார்ந்து சமரசம் பேசுகிற விதத்தை அதற்கு முன் டிவியில் யாரும் அப்படிக் காட்டியதில்லை. ஆனால் அது ஒரு வாதத்தை நிரூபிக்க எடுத்த தொடர். யார் காட்டிக்கொடுத்தார்கள் என்பதில் அதன் கதாசிரியர் ஜிம் ஆலனுக்கு எழுதும்போதே சந்தேகம் இல்லை. ஸ்ட்ரம்பெட் சிட்டியில் யாரும் காட்டிக்கொடுப்பதில்லை, ஆனாலும் எல்லாம் கைநழுவுகிறது. எனக்கு அதுதான் அதிகம் வலிக்கிறது.

வெளிச்சம் தட்டை என்பது சரி. அந்தக் காலத்துத் தொடர் எல்லாவற்றுக்கும் உள்ள நோய். மூன்றாவது பகுதிவரை பொறுத்துப் பாருங்கள். அதற்கும் பிடிக்காவிட்டால் விட்டுவிடுங்கள்.

நேர்கோடு:

முடிவைப் பற்றிப் பேசலாமா? பார்க்காதவர்கள் இந்தப் பதிவையும் அடுத்ததையும் தாண்டிப் போய்விடுங்கள்.

தோல்வியைத் தோல்வியாகவே காட்டியதற்கு இந்தத் தொடருக்கு முழு மார்க் கொடுக்கிறேன். பிரிட்டிஷ் சங்கங்கள் செப்டம்பர் 27 அன்று வந்து சேர்ந்த ‘ஹேர்’ என்ற கப்பலில் உணவு அனுப்பினார்கள், மொத்தமாக ஏறக்குறைய ஒரு லட்சம் பவுன் அளவுக்கு உதவினார்கள். ஆனால் லார்கின் கேட்டது சோறு மட்டும் இல்லை, டப்ளின் சரக்கை பிரிட்டனில் யாரும் தொடக்கூடாது என்று கேட்டார். டிசம்பர் 9 அன்று லண்டனில் நடந்த சிறப்பு மாநாட்டில் அது தோற்றது. அத்தோடு கதை முடிந்தது. ஜனவரியிலிருந்து கூட்டம் கூட்டமாக வேலைக்குத் திரும்பினார்கள், பலர் அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போட்டே. ஃபிட்ஸ் மாதிரி ஆளுக்கு எந்தக் கம்பெனியும் கதவைத் திறக்கவில்லை. அவனை எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்த ஒரே முதலாளி பிரிட்டிஷ் ராணுவம். 1914 அல்லவா.

தறிக்காரன்:

தோல்விதான். ஆனால் சங்கம் சாகவில்லை. மர்பி நினைத்தது, லார்கினின் சங்கம் என்ற பெயரே ஊரில் இருக்கக்கூடாது என்று. சில வருஷத்தில் அது நாட்டிலேயே பெரிய சங்கமாக வளர்ந்தது. தொடர் அதைக் காட்டாமல் 1914-லேயே நிறுத்திக்கொண்டது நல்லது. காட்டியிருந்தால் பட்டினி கிடந்ததற்கு வட்டி கிடைத்த மாதிரி ஆகியிருக்கும். பட்டினி கிடந்தவனுக்கு அந்த வட்டி வரவில்லை. மல்ஹால் கால்களை இழந்து படுத்திருக்கும் காட்சிகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

பழந்திரை:

அதோடு ராஷர்ஸைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அவனுக்குச் சங்கம் இல்லை, உறுதிமொழிப் படிவம் இல்லை, லார்கினும் மர்பியும் அவன் இருப்பதையே அறியமாட்டார்கள். ஆனால் ஊரே பட்டினி கிடந்தால் குப்பைத் தொட்டியில் என்ன இருக்கும்? கூலிக்காரன் கையில் காசு இல்லாவிட்டால் ஊதுகுழல் கேட்டுச் சில்லறை போடுவது யார்? கதவடைப்பின் அளவுகோலாகப் பிளங்கெட் இவனை வைத்திருக்கிறார். கடைசிப் பகுதியில் நிலவறைக்கு ஃபாதர் ஓ'கானர் இறங்கி வருகிற காட்சியை நான் இங்கே எழுதமாட்டேன். பார்த்தவர்கள் தனிமடலில் பேசலாம்.

மேகலை_கோவை:

நான் இன்னும் நாலாவது பகுதிதான், கடைசி மூணு பதிவையும் தாண்டி வந்துவிட்டேன் :) டப்ளின் பேச்சுவழக்கு பாதி புரியவில்லை. துணையுரை இருக்கிறதா?

டப்ளின்_வாசி:

டிவிடி வாங்குவதென்றால் துணையுரை உண்டா, உங்கள் பிளேயரில் ஓடுமா என்று விற்பவரிடம் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். துணையுரை இல்லாமல் பார்ப்பதென்றால் ராஷர்ஸ் பேசுவது எல்லாம் புரியவேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். இங்கே இத்தனை காலம் இருந்தும் அவன் திட்டுகிற வசவில் பாதி எனக்கே பிடிபடவில்லை. பக்கத்து மேஜையில் வேலை பார்க்கும் டப்ளின்காரரிடம் ஒன்றிரண்டைக் கேட்டேன். சிரித்தார், ஆனால் அர்த்தம் சொல்ல மறுத்துவிட்டார்.